வசனம் இல்லாத வேடம்

அம்சா பேசினால் இப்போது வெறும் காற்றுதான் வரும். முன்பு அப்படியில்லை. விழுப்புரத்தை அடுத்த காணைப் பக்கம் திருவிழா நாடகம் என்றால் அவள்தான் திரௌபதி. சபையைப் பார்த்து அவள் கேள்வி கேட்கும்போது மல்லாட்டைக் கடலை விற்கிறவர்கள்கூடக் கூவுவதை நிறுத்திவிடுவார்கள். நாடகக் கம்பெனிக்குப் போனவள் என்று அப்பா வீட்டில் சேர்க்கவில்லை. திண்டிவனத்தில் ஒற்றை அறை ஒன்றை எடுத்துக்கொண்டு, ஆட்டத்துக்குப் போவதும் வந்து தூங்குவதுமாக இளமையை ஓட்டிவிட்டாள்.

நாற்பதைத் தாண்டியபோது கழுத்தில் கட்டி வந்தது. எடுத்தால் உயிர் நிற்கும், குரல் நிற்பது சந்தேகம் என்று டாக்டர் முன்பே சொல்லித்தான் எடுத்தார். உயிர் மட்டும் நின்றது.

கம்பெனி நடத்திய தட்சிணாமூர்த்தி அவளைக் கைவிடவில்லை. திரைக்குப் பின்னால் ஆர்த்தி என்ற பெண் பாட, மேடையில் அம்சா வாயசைத்தாள். விக்கிரவாண்டிக்குப் பக்கத்தில் ஓர் ஊரில் ஆர்த்திக்கு இருமல் வந்துவிட்டது. பாட்டு நின்ற பிறகும் அம்சாவின் வாய் அசைந்துகொண்டிருந்தது. துகில் உரியும் காட்சி. கூட்டம் சிரித்தது.

"ஜனங்க மறந்துடுவாங்க, வா அம்சா" என்று தட்சிணாமூர்த்தி வந்து வந்து கூப்பிட்டார். அப்புறம் வருவதை விட்டுவிட்டார்.

ஹைவே ஓட்டலில் காய் நறுக்கும் வேலை கிடைத்தது. யாரிடமும் பேச வேண்டியதில்லை.

அங்கேதான் சங்கவி அவளை அடையாளம் கண்டாள். விழுப்புரத்துப் பெண், குறும்படம் எடுப்பவள். சின்ன வயதில் அம்சாவின் ஆட்டம் பார்த்திருக்கிறாள்.

"அக்கா, என் படத்துல வசனமே கிடையாது. நீங்கதான் நடிக்கணும்."

"தொண்டை போனவள இன்னாத்துக்குக் கூப்புட்ற?" காற்றாக வந்தது.

"தொண்டைய யாருக்கா கேட்டாங்க? மூஞ்சி இருக்குதில்ல?"

ஆஸ்பத்திரியிலிருந்து புருஷனின் துணிமூட்டையோடு தனியாக ஊர் திரும்புகிற பெண்ணின் கதை அது. முதல் நாள் அம்சா கைகளை அகல விரித்து அழுதாள். சங்கவி கேமராவை நிறுத்தினாள்.

"கடைசி வரிசைக்கு நடிக்காதீங்கக்கா. நான் இங்கதான இருக்கிறேன்."

அம்சா கைகளை மூட்டைமேல் வைத்துக்கொண்டாள். பஸ் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். அவ்வளவுதான் செய்தாள்.

விழுப்புரத்தில் ஒரு மண்டபத்தில் படம் போட்டார்கள். தான் நடிப்பதை அம்சா அதுவரை பார்த்ததே இல்லை. திரையில் இருந்தவள் யாரோ போலிருந்தாள். எழுந்துபோய் அவள் பக்கத்தில் உட்கார வேண்டும் போலிருந்தது.

விளக்கு எரிந்ததும் கூட்டம் சங்கவியைச் சூழ்ந்துகொண்டது. ஓர் அம்மாள் மட்டும் கண்ணைத் துடைத்தபடி வந்து அம்சாவின் கையைப் பிடித்தாள். தன் வாயைத் தொட்டுக் காட்டி, கையை விரித்து, பேச வராதா என்று சாடையில் கேட்டாள்.

அம்சா மூச்சை இழுத்தாள். இந்தக் காற்றுக் குரலைக் கேட்டால் அவள் முகம் மாறிவிடுமோ என்று தோன்றியது. வராது என்று தலையை மட்டும் ஆட்டினாள். அந்த அம்மாள் அவள் கன்னத்தைத் தடவிக்கொடுத்துவிட்டுப் போனாள்.

மழைக்காலம் முடிந்ததும் சங்கவி இன்னொரு படம் எடுத்தாள். அதிலும் வசனம் இல்லை. ஓட்டலில் லீவு சொல்லிவிட்டு அம்சா போனாள்.