மூன்று பிங்கிகள், ஒரே குழல்வாய்மொழி

எங்கள் குற்றாலத்து அம்மன் பெயரான குழல்வாய்மொழியைத்தான் மகளுக்கு வைத்தோம். இங்கே புனே ஏரவாடாவில் அது யார் வாயிலும் நுழையவில்லை. அதனால் வெளியே அவளை 'பிங்கி' ஆக்கிவிட்டேன்.

போன மாதம் சந்தையில் இரண்டு கும்பல்கள் மோதின. கல்லும் இரும்புக் கம்பியும் பறந்தன. ஒரு காய்கறிக்காரரின் மண்டை உடைந்து ரத்தம் கொட்டியது. நெரிசலில் மகளின் கை நழுவியது. "பிங்கி" என்று கத்தினேன். இன்னும் இரண்டு தாய்மார்களும் தங்கள் பிங்கியைக் கத்திக் கூப்பிட்டார்கள். மகள் குழம்பி, அடிதடி நடந்த பக்கமே ஓடினாள்.

"ஏட்டி குழல்வாய்மொழி, இங்க வா."

சட்டென்று திரும்பி என்னிடம் ஓடிவந்தாள். அவள் திரும்பிய இடத்தில் ஒரு சோடா பாட்டில் விழுந்து சிதறியது.

இப்போது தெருவிலும் முழுப் பெயர்தான். யாருக்கு நாக்கு சுளுக்கினாலும் சுளுக்கட்டும். அந்தப் பெயரைக் கேட்டுத் திரும்பிப் பார்க்க இந்த ஊரில் என் மகள் ஒருத்திதான் இருக்கிறாள்.