சாட்சியாக நிற்கக்கூடாதவள்

அரக்கு உருகும் வாசனை, எங்கிருந்து வந்தாலும் சரி, என்னைத் தூக்கிக்கொண்டு போய் அந்த ஆற்றங்கரை வக்கீல் கச்சேரி மாடியில் இறக்கிவிடும். அங்கே நான் மொழிபெயர்ப்புக் குமாஸ்தா. வெள்ளைக்கார வக்கீல் துரையின் இங்கிலீஷைத் தமிழாக்குவேன். வந்தவர்களின் பெருமூச்சை இங்கிலீஷாக்கத் திணறுவேன்.

ஒருநாள், சிராங்கூன் சாலையில் மாட்டுக்கொட்டகை வைத்திருந்த பெரியவர் மனைவியோடு வந்தார். பால் மணமும் கூடவே படியேறி வந்தது. மனு எழுதுபவரிடம் எழுதி வாங்கிய உயில் அவர் கையில்: கொட்டகையும் வீடும் மனைவிக்கு. கீழே, முதல் சாட்சியாக அவளுடைய கைநாட்டு!

துரை நெற்றியைத் தேய்த்தார். நான் சொன்னேன்:

“வாங்குறவங்களே சாட்சி போட்டா, அவங்களுக்கு எழுதினது செல்லாதுங்க. ஊர்ல இருக்கிற உங்க தம்பி பங்கு கேட்டு வந்துடுவார்.”

“நாப்பது வருசமா கூட இருக்கிறவளை விட வேற எவன்யா எனக்குச் சாட்சி?”

“உயிலுக்குப் பதிலா இப்பவே அவங்க பேருக்கு மாத்திட்டா, செத்தவர் சொத்துக்குப் போடுற சாவு வரி மிச்சமாகலாம்னு துரை சொல்றார். ஆனா மாத்தின கையோட நீங்க போயிட்டா, வரி உண்டு.”

“மாட்டுக்கு லைசென்ஸ், வண்டிக்கு லைசென்ஸ். சாவுக்குமா?”

“மாத்த வேணாங்க,” என்றாள் அந்த அம்மாள். “அப்புறம் பொண்டாட்டி வீட்டுல குடக்கூலிக்கு இருக்கேன்னு தெருவெல்லாம் சொல்லித் திரிவாரு.”

உயிலே என்று முடிவாயிற்று. புதிதாக எழுதினோம். மனைவி மிரட்டி வாங்கினாள் என்று நாளைக்கு யாரும் சொல்லக்கூடாது, அவள் வெளியே நிற்கட்டும் என்றார் துரை. பெரியவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். தானம் கொடுக்கையில் மனைவி பக்கத்தில் நின்று நீர் வார்க்க வேண்டும் என்றார். அவள் கை படாமல் ஒரு கன்றைக்கூட அவர் யாருக்கும் கொடுத்ததில்லை.

மேசைக்கும் வராந்தாவுக்குமாக நான் நடந்தேன், கெஞ்சினேன். கடைசியில் அவளே வழி கண்டாள். அவருடைய மேல்துண்டின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு கதவுக்கு வெளியே போய் நின்றாள். மறுமுனை அவர் இடது கையில். ஆற்றுக்காற்றில் துண்டு லேசாக ஆடியது. துரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டார். பெரியவர் கையெழுத்திட்டார். நானும் இருமல்காரக் குமாஸ்தா ஒருவரும் சாட்சி போட்டோம்.

இறங்கும்போது படியில் திரும்பி அவள் கேட்டாள்:

“தம்பிக்காரர் வழக்குப் போட்டா?”

“நாங்க ரெண்டு பேரும் கோர்ட்டுல வந்து சொல்லுவோம்மா.”

எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்தாள். இருமியவரைச் சற்றுக் கூடுதலாக.

“அப்ப உடம்பைப் பாத்துக்குங்க. இவருக்கு முந்தி நீங்க போயிடாதீங்க, ஐயா.”