ஜெராக்ஸ் போதும் என்ற தெரசா

காலேஜ்காரர்கள் என்றாலே மாதவராஜுக்குப் பதினோரு வருசமாக ஆகாது. மகள் காவியாவை ஒரு தனியார் காலேஜில் சேர்த்த பத்தாம் நாள், அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தது. தனியார் காலேஜ் வாங்கி வைத்திருந்த ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கேட்டுப் போனார். மூன்று வருசப் பணத்தையும் கட்டிவிட்டு வாங்கிக்கொண்டு போ என்றார்கள். கெஞ்சினார், சத்தம் போட்டார், வாட்ச்மேன் வெளியே தள்ளினான். அதற்குள் அந்த இடம் வேறு பிள்ளைக்குப் போய்விட்டது. ஏழாவதோடு படிப்பை நிறுத்திய தான், சேர்க்கும்போது எவனோ நீட்டிய தாளில் படிக்காமல் கையெழுத்துப் போட்டதைத்தான் அவரால் இன்னும் பொறுக்க முடியவில்லை.

அப்படிப்பட்டவர் ஓட்டும் காரைத்தான் போன மே மாதம் தெரசா வாடகைக்குப் பேசினாள். தூத்துக்குடிக்காரி, முப்பத்தைந்து வயசு. முன்பு இன்சூரன்ஸ் பிடித்தவள்; இப்போது கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு நர்சிங் காலேஜுக்குப் பிள்ளை பிடிக்க வந்திருந்தாள். தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் கிழக்கு எது மேற்கு எது என்று தெரியாது. அதற்காக அவள் மிரளவில்லை.

"அண்ணாச்சி, மூணு நாளைக்கு வண்டி வேணும்."

"எங்க ஊர்ல அண்ணாச்சின்னா மளிகைக் கடைக்காரருங்க."

"அப்ப கால் கிலோ பருப்பும் சேத்துப் போடுங்க."

அவருக்குச் சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

கடத்தூர், அரூர் என்று இரண்டு நாள் வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கினாள். ஐந்து பிள்ளைகளின் ஒரிஜினல் அவள் பைக்குள் போனது. மாதவராஜ் ஸ்டீரிங்கைப் பிடித்தபடி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் வத்தல்மலை. குள்ளன் என்பவர் மகள் ஜெயபிரியா பிளஸ் டூவில் ஐந்நூற்று முப்பது மார்க். கேழ்வரகு மூட்டைக்கு நடுவில் எலி கடிக்காமல் சொருகி வைத்திருந்த சர்டிபிகேட்டை, கேட்பதற்கு முன்பே குள்ளன் எடுத்து வந்து நீட்டினார். தாள் கை மாறினால் சீட்டு வந்த மாதிரி என்று அவருக்கு நினைப்பு.

"குடுக்காதீங்க," என்றார் வாசலில் நின்ற மாதவராஜ். "அடுத்த வாரம் கவர்மெண்ட் கவுன்சிலிங்குக்கு எத எடுத்துட்டுப் போவீங்க?"

"நீ வண்டி ஓட்டற ஆளு. மேடத்துக்குத் தெரியாததா?"

"தெரிஞ்சுதான் வாங்கறாங்க."

தெரசா நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். மாதவராஜைத் தனியே கூப்பிட்டு, "உங்க வீட்ல யாருக்கு இப்படி ஆச்சு?" என்றாள். காவியா கதையை அவர் நாலே வரியில் முடித்தார்.

"நான் வாங்கிக் கொண்டுபோய்க் குடுப்பேன், அவ்வளவுதான். அதுக்கப்புறம் என்ன செய்தாங்கன்னு நான் கேட்டதே இல்ல," என்றாள். பிறகு போனில் ஸ்பீக்கரைப் போட்டுக் காலேஜ் மேனேஜரை அழைத்தாள்.

"சார், இனிமே ஜெராக்ஸ் மட்டும்தான் வாங்குவேன். வாங்குன அஞ்சையும் இன்னைக்கே திருப்பிக் குடுக்கேன்."

"ஒரிஜினல் இல்லாம வந்தா உனக்கு வேலை இல்ல தெரசா."

"பிள்ள சேக்கத்தான் வேலைக்கு வந்தேன், அடகு பிடிக்க இல்ல. வேலைய நீங்களே வச்சுக்கோங்க."

உள்ளே போய் ஜெயபிரியாவிடம், "நீ மொதல்ல கவர்மெண்டுக்குப் போ. இந்தத் தாள எவன் கேட்டாலும் ஜெராக்ஸ்தான்னு சொல்லு," என்றாள். குள்ளனுக்குக் கோபம். சீட்டைக் கெடுத்துவிட்டாய் என்று மாதவராஜை முறைத்தார்.

அன்றைக்கே அரூருக்கு ஓட்டினார்கள். அங்கே ராணியம்மாள் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "எம்புள்ளைக்கு என்ன கொறைன்னு திருப்பிக் குடுக்கறீங்க?" தெரசா நின்றபடியே அரை மணி நேரம் விளக்கினாள். கடத்தூரில் கடைசிச் சர்டிபிகேட்டைக் கொடுத்தபோது பொழுது சாய்ந்துவிட்டது.

பஸ் ஸ்டாண்டில் மாதவராஜ் கேட்டார்: "வேலை போயிருச்சே, என்னங்க பண்ணுவீங்க?"

"ரெண்டு கால் இருக்குல்லா அண்ணாச்சி. வேற வீட்டுப் படி ஏறுவேன்."

கிளம்ப இருந்த மதுரை பஸ்ஸில் தெரசா ஏறி உட்கார்ந்தாள். ஜன்னல் வழியாகக் குனிந்தாள்.

"காலேஜ்லருந்து ஆள் வந்து விசாரிப்பாங்க."

"வரட்டும். நான்தான் தடுத்தேன்னு சொல்றேன். என்ன பண்ணிருவாங்க?"

"அத மட்டும் சொல்லாதீங்க. நீங்க இந்த ஊர்ல வண்டி ஓட்டணும்லா. தெரசாதான் திருப்பிக் குடுத்தா, அவளப் போய்க் கேளுங்கன்னு என் போன் நம்பரக் குடுத்துருங்க."