பத்திரமாக இருக்கிறாள்

அந்தப் பெண் முதலில் எனக்குக் காட்டியது மலையைத்தான். நூல் மில் விடுதியின் மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள், ஈரக் கையை நீட்டி, “மலைக்கு அந்தாண்ட அடி அண்ணாமலை. அதான் எங்க ஊருங்க” என்றாள். பஸ் ஏறிச் சாய்ந்து உட்கார்வதற்குள் வந்துவிடும் தூரம். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவள் ஒருமுறைகூட ஊருக்குப் போனதில்லை.

எங்கோ வெளிநாட்டில் சட்டை விற்பவர்களுக்காக, அந்தச் சட்டைக்கு நூல் தரும் மில்லில் யாரையும் கட்டாயப்படுத்தி வைத்திருக்கிறார்களா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் ‘கட்டாயம்’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு ஒன்றையும் கண்டுபிடிக்க முடியாது. “கட்டாயம் இருக்கா?” என்று கேட்டால், “கட்டாயம் வேல இருக்குங்க” என்று சிரிப்பார்கள். அன்று எல்லோர் வாயிலும் வந்தது வேறொரு சொல். ஆதார் கார்டு ஆபீஸில் பத்திரமாக இருக்கிறது. போன் வார்டனிடம் பத்திரமாக இருக்கிறது. “நாங்களும் பத்திரமாத்தான் இருக்கோம்” என்ற அவள், கீழே கேட்டைப் பார்த்தாள். அது வெளிப்பக்கம் பூட்டியிருந்தது.

“ஊருக்குப் போகணுமா? உன் பேரைச் சொல்லியே கேக்கட்டுமா?” என்றேன். துணியை உதறிப் போட்டு முடிக்கும்வரை யோசித்தாள். “கேளுங்க மேடம்” என்றாள்.

மேனேஜர் பொறுமையாகத்தான் பேசினார். “வயசுப் பொண்ணுங்க மேடம். வீட்டுல இருந்து ஆள் வராம அனுப்ப மாட்டோம்.”

“அவ மேஜர் சார். போறேன்னா விடணும். இப்பவே அனுப்புங்க, நான் பாக்கணும்” என்று நாற்காலியை விட்டு எழாமல் இருந்தேன். எனக்குப் பிடிவாதம் ஜாஸ்தி. சாயங்காலம் கார்டும் போனும் அவள் கைக்கு வந்தன. என் வண்டியிலேயே அழைத்துப் போனேன். வழியெல்லாம் அவள் வாய் ஓயவில்லை. நானும் ஏதோ கோட்டையைப் பிடித்துவிட்டவள்போல உட்கார்ந்திருந்தேன்.

வாசலில் அவள் அப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். மகளைப் பார்த்தும் வாளியைக் கீழே வைக்கவில்லை. “ஏம்மா கூட்டினு வந்தீங்க? கல்யாணம் ஆவற வரைக்கும் அங்கயே இருக்கட்டும்னுதான் விட்டோம். வெளிய அனுப்பாதீங்கனு சொன்னதே நாங்கதான்” என்றார் என்னிடம். அவளுக்கும் அது புதுச் செய்தி. தோளில் இருந்த பையை இறக்கவே இல்லை. உள்ளே இருந்து யாரும் அவளை வா என்று கூப்பிடவில்லை.

என் நம்பரை அவளிடம் கொடுத்துவிட்டு வேங்கிக்காலில் இருக்கும் என் வாடகை வீட்டுக்கு வந்து, தனியாக உட்கார்ந்து அழுதேன். பிறகு அறிக்கை எழுதினேன். நூல் வாங்குகிறவர்கள் கண்டித்துச் சொன்னார்கள், மில்காரர்களும் எல்லோருடைய கார்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். என் வேலையைப் பொறுத்தவரை அது வெற்றிதான்.

சில மாதம் கழித்து அவள் போன் செய்தாள். பின்னால் மிஷின் சத்தம்.

“மில்லுக்கே வந்துட்டேன் மேடம். இப்ப கேட்டு தொறந்துதான் இருக்கு. போறதுக்குத்தான் எடமில்லீங்க.”