பூ முந்திக்கொண்ட வருடம்

என் அண்ணிக்குத் தெருவில் 'தேன்பெட்டி' என்று பெயர். அவர் வாயிலிருந்து தேன் சொட்டி நான் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.

அண்ணன் தையல்காரர். கடைக்குள் ஒரு தேனீ நுழைந்தால் கத்தரிக்கோலைப் போட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடுகிறவர். அவருக்குப் போய் இப்படி ஒரு மனைவி. கடையின் பின்சுவரில் வந்து அடைந்த ஒரு தேனீக் கூட்டத்தை விரட்ட மனமில்லாமல் அண்ணி பெட்டியில் பிடித்துப் போட்டதுதான் ஆரம்பம். பிறகு பின்பக்கம் முழுக்கப் பெட்டிகள். "பொத்தான் தைச்சுக் குடுத்தாலாவது எனக்கு ஒத்தாசையா இருக்கும்" என்று அண்ணன் புலம்பி, மெஷினுக்குப் பக்கத்தில் அண்ணிக்காக ஒரு ஸ்டூலும் வாங்கிப் போட்டார். அண்ணி அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

குளிர் விட்டதும் மலைக்கு அந்தப் பக்கம் காட்டு முட்புதர்கள் வெள்ளை வெளேரென்று பூக்கும். பெட்டிகளை என் வேனில் ஏற்றிக்கொண்டு போவோம். தேனீக்களின் வருடச் சாப்பாடே அந்தப் பூவில்தான். போன வருடமும் வழக்கமான நாளில்தான் போனோம். இறங்கிப் பார்த்தால் புதரில் பூ இல்லை, காய். குளிர் பாதியிலேயே ஓடிப்போய், வெயில் முந்தி, பூவும் முந்திப் பூத்துக் கொட்டிவிட்டிருந்தது. பட்டினியில் பாதிக் கூட்டங்கள் பெட்டியைக் காலி செய்துவிட்டுப் பறந்துபோயின. திரும்பும் வழியெல்லாம் அண்ணி அழுதார்.

வீட்டுக்கு வந்தால் அண்ணன் அந்த ஸ்டூலைத் துடைத்து வைத்திருக்கிறார். மனுஷன் ஆறுதல் என்று நினைத்துத்தான் செய்தார்.

"மிச்சமிருக்கிற கூட்டமும் போச்சுன்னா அதுல வந்து உக்கார்றேன்" என்றார் அண்ணி. "அதுவரைக்கும் அந்தப் பேச்சே வேணாம்."

இந்த வருடம் அவர் வழக்கமான நாளை நம்பவில்லை, தன் கால்களை நம்பினார். குளிர் இருக்கும்போதே மலையேறிப் புதர் புதராகப் பார்த்துவிட்டு வருவார். அந்தப் பக்கம் மொட்டெல்லாம் திடீர் வெயிலில் கருகிக் கிடந்தது. ஆனால் வழியில், நடுச்சரிவில், எப்போதும் கடைசியாகப் பூக்கும் புதர்கள் இப்போதே பூத்து நின்றன. கடையிலிருந்து தேனீ பறந்து போய்வர அது தூரம். கொண்டுவருவதைவிட வழியில் தின்பதுதான் அதிகமாகும்.

"நாளைக்கே ஏத்தணும் தம்பி."

"அண்ணி, அரைகுறைத் தூரத்துல கொண்டுபோய் வச்சா, பழகின வழியைப் பிடிச்சுப் பழைய இடத்துக்கே திரும்பிப் போயிடும்னு நீங்கதானே சொல்வீங்க?"

"பூ காத்திருக்குமா?"

விடியுமுன் ஏற்றினோம். மதியம் அண்ணன் போனில் அலறினார். சரிவில் மேயப் போன தேனீக்கள் பழகிய வழி கண்ணில் பட்டதும், புதுப் பெட்டி இடத்தை மறந்து நேராகக் கடைக்குப் போய்விட்டன. பெட்டி இருந்த வெறும் சுவரில் கொத்துக் கொத்தாகத் தொங்கின. அவசரத்தில் அண்ணி தானே வகுத்த விதியைத் தானே மீறியிருந்தார்.

அவர் தலையில் அடித்துக்கொள்ளவில்லை. சரிவில் பெட்டிகளின் வாசலை இலைக் கொம்புகளால் மறைத்தார். வெளியே வரும் தேனீ தடுமாறி, நின்று, புது இடத்தைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று. அப்படியும் திரும்பிப் போகிறவை அடைய, சுவரடியில் ஒரு பழைய பெட்டியை வைக்கச் சொன்னார். பொழுது சாய்ந்ததுமே யாராவது அதை மூட வேண்டும், பிறகு நான் வேனில் போய் மேலே கொண்டுவர வேண்டும். அதுவரைக்கும் நான் சரிவில் அண்ணியோடு. கடையில் இருந்தது ஒரே ஆள்.

"என்னங்க, நீங்கதான் மூடணும்" என்றார் அண்ணி போனில். அந்தப் பக்கம் கத்தரிக்கோல் கீழே விழுகிற சத்தம் கேட்டது.

நான் வேனை எடுத்துக்கொண்டு போனபோது அண்ணன் தலையோடு லைனிங் துணியைச் சுற்றி, கையில் திரைச்சீலையைக் கட்டி, கண்ணை இறுக மூடியபடி பெட்டியின் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார். சிரித்து எனக்கு வயிறு வலித்தது. ஆனால் மறுநாளும் சாத்தினார். அதற்கு மறுநாளும். ஒவ்வொரு மாலையும் பெட்டி கொஞ்சம் லேசாகிக்கொண்டே வந்தது.

"அடுத்த வருஷம் பூ இன்னும் முந்துச்சுன்னா?" என்று அண்ணியைக் கேட்டேன்.

"நான் அதுக்கும் முந்துவேன்."

ஒரு மாலை நான் போய் நின்றபோது அண்ணன் கட்டியிருந்த துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தார். முகம் வாடினாற்போல இருந்தது. கடைக்குள் போய்வந்து வேனில் ஏறினார். மேலே போய் இறங்கியபோது அவர் கையில் பெட்டி இல்லை. ஸ்டூல் இருந்தது.

"ஒண்ணுகூட வரல" என்றார். "எல்லாம் இங்கேயே தங்கிடுச்சு. எத்தனை நாளா நின்னுக்கிட்டே இருக்கே, உக்காரு."

அண்ணி ஸ்டூலைப் பார்த்தார்.

"மெஷின் கீழதானே இருக்கு?"

"கீழதான்."

"அப்ப சரி" என்று பெட்டிகளைப் பார்த்தபடி போட்டு உட்கார்ந்தார்.