தேதித்தாளின் பின்பக்கம்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கணினி மெதுவாக ஓடினால் கேட்கவே வேண்டாம். அப்படிப்பட்டவனை ஒரத்தநாடு பக்கம் ஒரு தாலுகா ஆபீஸில், பட்டாக்களைக் கணினியில் ஏற்றும் வேலைக்கு எடுத்தார்கள். ஆட்சி மாறினால் அங்கே சுவரில் படம் மாறும். வாசலில் நிற்கும் வரிசை மாறாது.

ஒவ்வொரு பட்டாவும் ஒரு சின்னக் கோப்பு. சேமித்தால், டிஸ்க்கில் எழுதி முடியும்வரை திரை அசையாது. இயங்குதளத்தின் உயிர்ப்பகுதியான கெர்னலின் நிரல் என் கையில் இருந்தது. எழுத வேண்டியதையெல்லாம் நினைவகத்தில் சேர்த்துவைத்து, அவ்வப்போது மொத்தமாக டிஸ்க்குக்கு அனுப்பும்படி மாற்றினேன். மறுநாள் மத்தியானத்துக்குள் வரிசை கரைந்தது. தாசில்தார் டீ வாங்கிக் கொடுத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

தட்டச்சு செய்த பெண் மட்டும் அசையவில்லை. என் வயதுதான் அவருக்கு. நாட்காட்டியில் கிழித்த தேதித்தாளின் பின்பக்கம், ஊர், சர்வே நம்பர், உத்தரவு எண், பெயர் என்று பென்சிலால் ஒரு வரி எழுதிவிட்டுத்தான் கீபோர்டைத் தொடுவார்.

"எதுக்குங்க ரெண்டு வேலை? நான் ஏத்தின வேகத்தை நீங்க கெடுக்குறீங்க" என்று கத்தினேன்.

"கரண்டை நம்பி உக்கார முடியுமா சார்?" என்றார், நிமிராமலே.

அந்த வாரமே கரண்ட் போனது. யூபிஎஸ் பேட்டரி எப்போதோ செத்திருந்தது. கோப்புகளின் பட்டியலையே டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருந்த நேரம் அது. கரண்ட் வந்தபோது ஒரு கிராமமே காணவில்லை. பார்த்துத் தட்டச்சு செய்த உத்தரவுக் கட்டும் தஞ்சாவூருக்குத் திரும்பிப் போயிருந்தது.

ஜன்னலில் அந்தக் கிராமத்து அம்மா ஒருவர் நின்றார். பண்ணையில் கூலிக்கு நட்ட குடும்பம். உச்சவரம்புச் சட்டத்தில் அந்தப் பண்ணையிடமிருந்து எடுத்த உபரி நிலத்தில் ஒரு ஏக்கர் கிடைத்திருந்தது. விடிந்தால் நடவு. பண்ணைக்காரரோ டிராக்டரை வயலில் இறக்கியிருந்தார். சிட்டாவைக் காட்டினால்தான் டிராக்டரை வெளியேற்றுவோம் என்று போலீஸில் சொல்லிவிட்டார்களாம்.

"பேரு ஏறிடுச்சுன்னு சொன்னீங்களே சார்" என்றார். என் தாயும் அப்படி அடுத்தவர் வயலில் நட்டவர்தான்.

தட்டச்சுப் பெண் மேசை டிராயரை இழுத்தார். நூலில் கட்டிய தேதித்தாள்கள். அந்த அம்மாவின் பெயர் மூன்றாவது தாளில் இருந்தது. உத்தரவு எண்ணைச் சொல்லி, தாசில்தார் தஞ்சாவூருக்குப் போன் போட்டுச் சரிபார்த்தார். சாயங்காலத்துக்குள் சிட்டா அச்சாகி, கையெழுத்தாகி அந்த அம்மா கைக்குப் போனது. மறுநாள் டிராக்டர் வெளியேறி, அந்த வயலில் அவர்களுடைய நடவு நடந்தது. தட்டச்சுப் பெண்ணை நான் கையெடுத்துக் கும்பிட்டேன். வெட்கப்பட்டுக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

பிறகு அவருடைய பழக்கத்தையே கெர்னலில் எழுதினேன். எந்த மாற்றத்தையும் முதலில் டிஸ்க்கின் ஓர் ஓரத்தில், வரிசையாக, சுருக்கமாகக் குறித்துவிட வேண்டும். பிறகு அதனதன் இடத்தில் சாவகாசமாக வைக்கலாம்; நடுவில் கரண்ட் போனாலும் அந்தக் குறிப்பைப் பார்த்து மீட்டுவிடலாம். ஒரே இடத்தில் தொடர்ந்து எழுதியதால் டிஸ்க்கில் எழுதும் முள் அங்குமிங்கும் அலையவில்லை, வேகமும் பெரிதாகக் குறையவில்லை. பெரிய ஆட்கள் இதை முன்பே கண்டுபிடித்திருந்தார்கள். எனக்குப் புரியவைத்தது அந்தத் தேதித்தாள்தான்.

சோதித்துப் பார்க்க, அவர் தட்டிக்கொண்டிருக்கும்போதே பிளக்கைப் பிடுங்கினேன். மறுபடி போட்டதும், சேமித்த பட்டா ஒன்றுகூடக் குறையாமல் வந்தது.

"நல்லாத்தான் இருக்கு சார்" என்றார். என்றவர், பென்சிலை எடுத்தார்.

நான் கத்தவில்லை. எழுந்து போய், அன்றைய தேதித்தாளைக் கிழித்து அவரிடம் கொடுத்தேன்.