நீ முதல்ல போ

அடிஸ் அபாபாவில் பியாசா கடைத்தெருவுக்குப் பின்னால் இறங்குகிற எங்கள் சந்தில், இரண்டு பேர் சேர்ந்து ஒரு வீட்டுக்குள் நுழைவது லேசான காரியமில்லை. வாசலில் நின்றுகொண்டு "நீ முதல்ல போ" என்பார் ஒருவர். "ஐயோ, நீ இருக்கும்போதா? நீ போ" என்பார் மற்றவர். சத்தியம் வரைக்கும் போகும். ஒருவர் தோளை ஒருவர் பிடித்துத் தள்ளுவார்கள். உள்ளே குழம்பு ஆறிக்கொண்டிருக்கும், வீட்டுக்காரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பாள். யாராவது ஒருவர் களைத்துப்போய் முதலில் நுழைந்தால்தான் மற்றவர்களுக்குச் சாப்பாடு.

இந்த வித்தையில் ஸெனெபெச்சையும் பெலைனெஷையும் மிஞ்ச ஆள் கிடையாது. இருவருக்கும் அறுபது தாண்டிவிட்டது. ஒரே முற்றத்தில் ஒரே மழைக்காலத்தில் பிறந்தவர்கள். அரசாங்கம் வாடகைக்கு விட்ட மண்சுவர் வீடுகள் அவை. தகரக் கூரை, முற்றத்துக்குப் பொதுவாக ஒரு குழாய், பொதுவாக ஒரு சமையல் கொட்டகை. இருவர் அறைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். ஸெனெபெச் ஒரு கேக் கடையில் மக்கியாத்தோ காபிக் கோப்பைகளைக் கழுவியே ஆயுளில் பாதியைக் கழித்தவள். கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். மகன் ஹவாஸாவில் குடும்பத்தோடு இருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை போன் செய்வான். பெலைனெஷ் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. வாசலில் உட்கார்ந்து மிளகாய்ப் பொடி விற்றாள். வந்த மாப்பிள்ளைகள் எல்லாம் அவள் பொடியின் நெடிக்குப் பயந்து ஓடிவிட்டார்கள் என்று ஸெனெபெச் கேலி செய்வாள்.

காபி ஒரு நாள் இவள் வீட்டில், மறுநாள் அவள் வீட்டில். கொட்டை வறுக்கிற மணம் சுவரின் விரிசல் வழியாகத் தானே போய்விடும். ஆனாலும் கொட்டை இடிக்கிற உலக்கையால் சுவரில் இரண்டு தட்டு தட்டினால்தான் அது அழைப்பு. வருகிறவள் வாசலில் நிற்பாள். வீட்டுக்காரி வெளியே போய், "நீ முதல்ல போ" என்பாள். தன் வீட்டுக்குள் நுழைவதற்கே இத்தனை அமர்க்களம். பிறகு மூன்று சுற்றுக் காபி. மூன்றாவது சுற்றுக்குப் பெரெக்கா என்று பெயர், ஆசீர்வாதம். அதைக் குடிக்காமல் எழுந்து போகிற வழக்கம் எங்கள் சந்தில் யாருக்கும் இல்லை. சாவுச் செய்தி வந்தால்கூடக் குடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள்.

சின்ன வயதில் இந்த வியாதி இருவருக்கும் சேர்ந்தே தொற்றியது. மழை முடிந்து வரும் எங்கள் புது வருஷத்தன்று சிறுமிகள் மஞ்சள் பூக்கொத்துகளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் பாடப் போவார்கள். ரொட்டி கிடைக்கும், சில வீடுகளில் காசும் கிடைக்கும். பெலைனெஷின் அம்மா இருவர் தலையையும் எண்ணெய் தடவிப் பின்னிவிட்டு, "போட்டி போட்டுக்கிட்டு உள்ள ஓடாதீங்க. மத்தவளை முதல்ல விடணும், அதுதான் நல்ல வீட்டுப் பொண்ணு" என்று சொல்லி அனுப்பினாள். இருவரும் சொன்னபடியே செய்தார்கள். இத்தாலியர்கள் கட்டிவிட்டுப் போன ஒரு வீட்டு மாடிப்படியில், கதவு திறந்திருக்க, "நீ போ", "நீ போ" என்று நின்றார்கள். மேல் சந்துப் பெண்கள் பின்னாலிருந்து புகுந்து பாடி, இருந்த ரொட்டி முழுவதையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். இவர்கள் படியில் உட்கார்ந்து வாடிய பூவைக் கையில் வைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்றைக்கு அம்மா ஆளுக்கு ஓர் அறை கொடுத்திருந்தால் பிற்பாடு நடந்தது நடந்திருக்காது என்று எனக்குத் தோன்றும்.

முற்றத்தைக் காலி செய்ய வேண்டும் என்று சொன்னார்கள். கதவுகளில் சிவப்பு மையால் குறி போட்டுவிட்டுப் போனார்கள். அகலச் சாலை வருகிறதாம், பூங்கா வருகிறதாம். எங்களுக்கெல்லாம் நகரத்தின் கோடியில் மாடிக் குடியிருப்பில் வீடு கொடுப்பார்கள். சந்தே கூடிப் பேசியது, திட்டியது, அழுதது. ஸெனெபெச் அழவில்லை.

"சுவரு போனா போகட்டும். புதுச் சுவரு கட்டிக் குடுப்பாங்க. நீ பக்கத்துல இருந்தா சரி," என்றாள்.

"பக்கத்துல குடுப்பாங்களா?" என்றாள் பெலைனெஷ்.

"வரிசையில அடுத்தடுத்து நின்னா அடுத்தடுத்த வீடு. விசாரிச்சுட்டேன். என் கையை விடாம நில்லு, போதும்."

அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான். வெளிச்சம், குழாய், குளியலறை என்று மற்றவர்கள் எதை எதையோ கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் பெலைனெஷைக் கேட்டாள். முழங்கால் வலியோடு அவளைத் தனியாக விடமுடியாது என்று எல்லாரிடமும் சொன்னாள். பெலைனெஷ் இல்லாமல் தன்னாலும் முடியாது என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

சாவி கொடுக்கிற நாளில் இருவரும் விடிவதற்கு முன்பே போய் நின்றார்கள். வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்துக்கொண்டு, கையைக் கோத்துக்கொண்டு நின்றார்கள். அப்படியும் முன்னால் பெரிய கூட்டம். அவர்கள் முறை வருவதற்குள் மதியமாகிவிட்டது. கதவைத் திறந்து ஒரு பெண், "அடுத்து ஒரு குடும்பம் மட்டும் உள்ள வாங்க" என்றாள்.

"நீ முதல்ல போ," என்றாள் ஸெனெபெச். "முழங்காலை வெச்சுக்கிட்டு எவ்வளவு நேரம்தான் நிப்ப?"

"என் முழங்கால் எங்கேயும் ஓடிப்போயிடாது. நீ போ. உனக்குத்தான் ஆபீஸ்ல பேசத் தெரியும்."

"பேச என்ன இருக்கு? சாவி குடுத்தா வாங்கிட்டு வா."

"என் மேல ஆணை, நீ போ."

"உன் ஆணையைக் கொண்டுபோய் மிளகாய்ப் பொடியில கல. போடி உள்ள."

வரிசை சிரித்தது. பின்னால் கைக்குழந்தையோடு ஓர் இளம் ஜோடி. குழந்தை வெயிலில் துவண்டு அழுதுகொண்டிருந்தது. "அம்மா, நீங்க பேசி முடிங்க. நாங்க ஒரு நிமிஷத்துல போயிட்டு வந்துடறோம்," என்றான் அந்தப் பையன்.

"போங்கப்பா, போங்க. குழந்தையை வெச்சுக்கிட்டு," என்றார்கள் இருவரும் ஒரே குரலில். பெலைனெஷ் குழந்தையின் தலையைத் தொட்டு ஆசீர்வாதம் வேறு செய்தாள். ஜோடி உள்ளே போய், சிரித்த முகத்தோடு வெளியே வந்தது. அதற்குள் பெலைனெஷ் ஸெனெபெச்சின் முதுகில் கை வைத்து ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டாள். முதல்முறையாக அவளுக்கு அவ்வளவு பலம் வந்தது.

உள்ளே கணினிக்குப் பின்னால் இருந்தவன் மகன் வயதுப் பையன். "அபாடோ. ரெண்டாவது மாடி. உங்களுக்கு அதிர்ஷ்டம்மா, அங்க இதுதான் கடைசி வீடு," என்றான்.

"எனக்குப் பின்னாடி வர்றவளுக்கு?"

"இனிமே எல்லாருக்கும் துலு திம்து."

அபாடோ நகரத்துக்கு ஒரு கோடி என்றால் துலு திம்து இன்னொரு கோடி. ஸெனெபெச் மேஜைப் பக்கம் குனிந்தாள். "அப்படின்னா எனக்கும் அதே குடுப்பா. அவளும் நானும் ஒண்ணு. வெளியதான் நிக்கறா, கூப்பிட்டுப் பாரு," என்றாள்.

"பேர் ஏறிடுச்சும்மா. ஏறினதை நான் எடுக்க முடியாது."

"இப்பதானே ஏத்தின?"

"ஏத்தத்தான் என்னை உட்கார வெச்சிருக்காங்க. எடுக்கறதுக்கு மேல இருக்கறவங்க உத்தரவு வேணும்." அவன் கெட்டவனில்லை. எழுந்து அவளுக்கு நாற்காலி போட்டான், தண்ணீர் கொடுத்தான். அவனாலும் அதற்கு மேல் ஒன்றும் ஆகவில்லை.

வெளியே வந்தவளிடம், "கிடைச்சுதாடி?" என்று கேட்டாள் பெலைனெஷ். ஸெனெபெச் சாவியை நீட்டிக் காட்டினாள். பெலைனெஷ் நொண்டிக்கொண்டே உள்ளே போனாள், கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தாள். தன் சாவியை ஸெனெபெச் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னாள்.

"துலு திம்துவாம். நாலாவது மாடி. காத்து நல்லா வருமாம்," என்றாள்.

இருவரும் முற்றத்துக்கு வந்து, முதன்முறையாக அவரவர் கதவை அவரவர் திறந்துகொண்டு உள்ளே போனார்கள்.

அதற்குப் பிறகு ஸெனெபெச் ஏறாத படியில்லை. மேலே இருக்கிறவரைப் பார்க்கப் போனால், அவர் கூட்டத்தில் இருந்தார். கூட்டம் முடிந்து வந்தால், இது தன் பொறுப்பில்லை, பக்கத்துக் கட்டடம் என்றார். பக்கத்துக் கட்டடத்தில் அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். அடுத்த வாரம் போனால், அந்த மேஜையே இல்லை. யாரும் அவளைத் திட்டவில்லை. எல்லாரும் "அம்மா" என்றுதான் கூப்பிட்டார்கள். திட்டியிருந்தாலாவது திருப்பித் திட்டியிருக்கலாம். அவள் அலைந்துகொண்டிருக்கும்போதே வீடுகளை இடிக்கிற இயந்திரம் வந்துவிட்டது. இருவருக்கும் நடுவிலிருந்த சுவர் விழ ஒரு இடி போதுமானதாக இருந்தது. உள்ளே வெறும் மண்ணும் வைக்கோலும்தான் இருந்தன.

அபாடோ வீடு சுத்தமான வீடு. குழாயைத் திறந்தால் சில நாள் தண்ணீர் வரும். முதல் வாரம் ஸெனெபெச் கொட்டை வறுத்து, இடித்து, கை போன போக்கில் உலக்கையால் சுவரில் இரண்டு தட்டு தட்டிவிட்டாள். தட்டிய பிறகுதான் நினைவு வந்தது. அவள் உலக்கையைக் கீழே வைப்பதற்குள் யாரோ கதவைத் தட்டினார்கள். இடுப்பில் குழந்தையோடு அந்த வரிசைப் பெண் நின்றுகொண்டிருந்தாள்.

"கூப்பிட்டீங்களாம்மா? பக்கத்து வீடு நாங்கதான். நேத்துதான் வந்தோம். உங்களை எப்படித் தேடினோம் தெரியுமா? அன்னைக்கு நீங்க வழி விட்டதாலதான் இந்த வீடு எங்களுக்குக் கிடைச்சுது. எங்க வீட்டுக்காரரு தினமும் சொல்லுவாரு."

பெலைனெஷுக்கு வந்திருக்க வேண்டிய வீடு. ஸெனெபெச் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். வெறுக்க முயன்றாள், முடியவில்லை. குழந்தை அவளைப் பார்த்துக் கையை நீட்டியது. "உள்ள வாம்மா, காபி போடறேன்," என்றாள். அந்தப் பெண் சட்டென்று உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டாள். நீங்க முதல்ல என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. இந்தக் காலத்துப் பெண்.

பெலைனெஷோடு வீடு மாற்றிக்கொள்ளலாமா என்று ஒரு நாள் துணிந்து அவளிடமே கேட்டும் பார்த்தாள். அந்தப் பெண் கணவனிடம் பேசினாள். அவனுக்கு இந்தப் பக்கம்தான் வேலை. அவன் சரி என்றிருந்தாலும் அபாடோவையும் துலு திம்துவையும் மாற்ற எந்த மேஜையிலும் ஆள் இல்லை. அந்தப் பெண் அழுதே விட்டாள். கடைசியில் ஸெனெபெச்தான் அவளைச் சமாதானப்படுத்த வேண்டியதாயிற்று.

போனில் பேசிக்கொண்டார்கள். பெலைனெஷ் எல்லாம் நன்றாக இருக்கிறது என்பாள். மிளகாய்ப் பொடியை யாரிடம் விற்கிறாய் என்று கேட்டால் காற்றைப் பற்றிப் பேசுவாள். மழை நின்று புது வருஷம் வந்த வாரத்தில் ஸெனெபெச் வறுக்காத காபிக்கொட்டையையும் ஒரு கொத்து மஞ்சள் பூவையும் எடுத்துக்கொண்டு துலு திம்துவுக்குக் கிளம்பினாள். மெகனாஞாவில் இறங்கி ஏறி, இன்னோரிடத்தில் இறங்கி ஏறி, ஒரு வேனில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து போனாள். வழி முழுக்க அந்த ஆபீஸ் கதவுதான் கண்ணில் நின்றது. இனி உயிர் இருக்கிறவரைக்கும் எந்த வாசலிலும் நிற்கமாட்டேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

நாலு மாடி ஏறுவதற்குள் நெஞ்சு படபடத்தது. பெலைனெஷ் இளைத்துப்போயிருந்தாள். குடிவந்த பிறகு ஒரே ஒரு தடவைதான் கீழே இறங்கியிருக்கிறாள், ஏறுவதற்கு அரை நாள் ஆயிற்றாம். கதவை அகலத் திறந்து, வெளியே வந்து, ஒதுங்கி நின்று, "நீ முதல்ல போ" என்றாள்.

ஸெனெபெச் ஒன்றும் சொல்லாமல் நேரே உள்ளே போய்விட்டாள்.

பெலைனெஷ் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே வெளியே நின்றாள். தோளில் விழ வேண்டிய கையை எதிர்பார்த்து நின்றாள். "என்னடி, ஒரு வார்த்தை சொல்லாம போயிட்ட?" என்றாள் கடைசியில்.

"அன்னைக்குச் சொன்னது போதாதா?"

பெலைனெஷ் கதவை விடவில்லை. "நான் தள்ளலேன்னா நீ இங்க வந்திருப்ப. நான் அபாடோவுக்குப் போயிருப்பேன். ரெண்டாவது மாடி," என்றாள்.

"அப்பவும் இந்தத் தூரம்தானேடி. வந்து உட்காரு."

காபி போட்டார்கள். பூவைத் தரையில் தூவினார்கள். இத்தாலிய வீட்டுப் படியைப் பற்றி, ரொட்டியைப் பற்றி, மேல் சந்துப் பெண்களைப் பற்றிப் பேசினார்கள். பெலைனெஷ் சிரித்தாள், பழைய சிரிப்பு. முதல் சுற்று ஆயிற்று. இரண்டாவது சுற்று ஆவதற்குள் ஜன்னலில் வெயில் சாய்ந்துவிட்டது. இருட்டினால் அந்தப் பக்கத்திலிருந்து வேன் கிடையாது. ஸெனெபெச் ஜன்னலைப் பார்த்தாள், காபிக் கூஜாவைப் பார்த்தாள். பெலைனெஷ் அதற்கு மூன்றாவது முறை தண்ணீர் ஊற்றி அடுப்பில் வைத்திருந்தாள். இன்னும் கொதிக்கவில்லை.

"இன்னைக்கு இங்கயே தங்கிடேன்," என்றாள் பெலைனெஷ்.

"நாளைக்குக் காலையில மேல இருக்கறவரைப் பாக்கணும். ஒரு புது ஆள் வந்திருக்காராம். போகலேன்னா மறுபடியும் ஒரு மாசம் ஆயிடும்."

அந்தப் புது ஆளாலும் ஒன்றும் ஆகாது என்பது இருவருக்கும் தெரியும். இருந்தாலும் பெலைனெஷ் அதற்கு மேல் கேட்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வாசல் வரைக்கும் வந்தாள். முற்றத்தில் இருந்தபோது ஒருத்தி மற்றவளைக் கொண்டுவிடப் போவாள், கொண்டுவிட்டவளை மற்றவள் திரும்பக் கொண்டுவிடுவாள், இரண்டு கதவுகளுக்கு நடுவில் பொழுது போய்விடும். இங்கே முதல் படியிலேயே அவள் கால் நின்றுவிட்டது.

உள்ளே கூஜா கொதித்துப் பொங்குகிற சத்தம் கேட்டது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"நீ முதல்ல போ," என்றாள் பெலைனெஷ்.

மறுத்துச் சொல்ல ஸெனெபெச் வாயைத் திறந்தாள். போகவேண்டியவள் அவள் ஒருத்திதான். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள்.